எழுபத்தெட்டாவது நொடி

வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்காக முப்பத்தாறு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிய செங்கோடனை, இனிமேல் அண்ணாந்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். தேயாமல் என்ன செய்யும்? எழுபத்தைந்து வயதில் கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு, பீளமேட்டு வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பைக்குகளை நேர்ப்பார்வையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே விமானம் இறங்குகிற சத்தம் கேட்டால் கழுத்து தானாக மேலே போகப் பார்க்கும். பட்டை விடாது. சலித்துப்போய் மோவாயைச் சொறிந்துகொள்வார்.

அவர் செய்த வேலை மேகத்தின் உயரத்தை அளப்பது. சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. இப்போது விமான நிலையத்தில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. மேலே ஒளியை அடித்து, அது மேகத்தில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து உயரத்தைத் தானே சொல்லிவிடுகிறது. தூங்குவதில்லை, டீ கேட்பதில்லை, மாற்று ஆள் வரவில்லை என்று முணுமுணுப்பதும் இல்லை. அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு சிவப்பு ரப்பர் பலூனும், ஒரு ஸ்டாப்வாட்சும், செங்கோடனுடைய கழுத்தும் சேர்ந்துதான் அந்த வேலையைப் பார்த்தன.

பலூனில் அளவாக ஹைட்ரஜன் பிடித்து விட்டால் நிமிடத்துக்கு ஐந்நூறு அடி ஏறும். விட்ட நொடியில் கடிகாரத்தை ஓட்டி, பலூன் மேகத்துக்குள் மறைகிற நொடியில் நிறுத்த வேண்டும். இரண்டு நிமிடம் ஆனால் மேகம் ஆயிரம் அடியில் நிற்கிறது என்று அர்த்தம். கேட்பதற்குப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் மேகத்துக்கு வீட்டுக் கூரை போலத் தட்டையான அடிப்பக்கம் ஏதும் கிடையாது. பலூன் முதலில் மங்கும். பிறகு வெளிறும். பிறகு ஒரு புள்ளி ஆகும். அந்தப் புள்ளி இருக்கிறதா, இல்லை கண்தான் காட்டுகிறதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போகும். இதில் எந்த நொடியில் நிறுத்துவது? ஆளுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் மங்கியதுமே அழுத்திவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். செங்கோடன் சிவப்பு முழுசாகப் போகிறவரைக்கும் கட்டைவிரலை அசைக்கமாட்டார். பலூனுக்கு கேஸ் பிடித்துக் கொடுக்கிற ஷேக் பரீத், உக்கடத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிறவர், இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். "நம்ம சார் கடைசிச் சொட்டு வரைக்கும் பாப்பாருங்க."

அந்தச் செங்கோடன்தான் ஒரே ஒரு நாள் அவசரப்பட்டார். அந்த ஒரு நாள் அவர் தலையில் விடிந்தது.

1989 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த தோட்டத்து வீட்டில் அவருடைய அப்பா பத்து நாளாகப் படுத்த படுக்கை. கஞ்சி இறங்கவில்லை. கதவு அசைந்தால் போதும், "பெரியவனா?" என்று கேட்பாராம். பெரியவன் என்றால் நாச்சிமுத்து, செங்கோடனுக்கு ஏழு வயது மூத்த அண்ணன். பம்பாயில் ஒரு மில்லில் மேற்பார்வை வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஊர் தாண்டிப் போனவர், மீசையும் தோளுமாகப் பார்க்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிற ஆள். அவரிடமிருந்து புதன்கிழமை தந்தி வந்தது. வியாழன் காலை விமானத்தில் வருகிறேன், தம்பியைக் கூட்டிப்போகச் சொல்லவும்.

தம்பிக்கு அன்றைக்கு என்ன வேலை என்றால், அண்ணன் வருகிற விமானம் இறங்கலாமா கூடாதா என்பதற்கு மேகத்தை அளந்து சொல்லுகிற வேலை. முந்தின நாள் மாலையில் வந்தவர். மாற்று ஆள் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டதால் பதினாலு மணி நேரமாக அங்கேயே கிடந்தார். பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் தாழ்வாக வந்துகொண்டேயிருந்தது. அடிப்பக்கம் எண்ணூறு அடியாவது இருந்தால்தான் விமானத்தை இறக்குவார்கள். எட்டேகாலுக்கு ஷேக் பரீத் பலூனோடு வெளியே வந்தார்.

பலூன் ஏறியது. ஐம்பது நொடியில் ஓரம் மங்கியது. எழுபதில் வெளிறியது. சிவப்பு இருந்தது. இன்னும் இருபத்தாறு நொடி தாக்குப்பிடித்தால் எண்ணூறு. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சிவப்பு இருக்கிறதா, அண்ணன் வரவேண்டும் என்ற ஆசையில் எனக்கு இருக்கிற மாதிரித் தெரிகிறதா? எண்ணூறு ஆகட்டும், எண்ணூறு ஆகட்டும் என்று உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறானே, அவன் கண்ணாலா பார்க்கிறேன்? சொந்த அண்ணனுக்காகக் கணக்கைக் கூட்டிப் போட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால்? கட்டைவிரல் அழுத்திவிட்டது. எழுபத்தெட்டு நொடி. அறுநூற்றைம்பது அடி.

"இன்னும் தெரியுதுங்களே சார்," என்றார் ஷேக் பரீத். அவர் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் மேலே பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு உட்டுப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க."

ஏன் வேண்டாம் என்றார் என்று பிற்பாடு அவர் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறார். களைப்பு ஒரு காரணம். நியாயஸ்தன் என்று தனக்குத்தானே ஒரு மாலையைப் போட்டுக்கொண்ட பிறகு அதைக் கழற்ற மனசு வராதது இன்னொரு காரணம். ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பயந்து பயந்து அந்தப் பக்கம் சாயாமல் நின்றவர், இந்தப் பக்கம் குப்புற விழுந்துவிட்டார்.

அறுநூற்றைம்பது என்று போனில் சொன்னார். பதிவேட்டில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் மேகத்துக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. பிறகு சத்தம் வடக்கே தேய்ந்து போனது. பெங்களூருக்குத் திருப்பிவிட்டதாகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னார்கள். ஒன்பதேகாலுக்கு அடுத்த பலூனை விட்டபோது ஆயிரத்து இருநூறு அடி இருந்தது.

வாடகைக் காரில் தனியாகக் கோபிக்குப் போய் இறங்கினார். கதவு அசைந்தது. "பெரியவனா?" என்றார் அப்பா.

"இல்லீங்கய்யா. பிளேன் எறங்கலை. திரும்பிப் போயிருச்சுங்க."

"எறங்க வேண்டாம்னு யாரு சொன்னா?"

பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். "மேகத்தை அளந்து சொன்னது நாந்தானுங்க."

அப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு உயிர் போயிற்று.

பெரியவன் வந்துவிடுவான் என்று மறுநாள் மத்தியானம்வரை வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியைச் செங்கோடன் வைத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது நாச்சிமுத்து ஈரோட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கசங்கிய சட்டையோடு, கையில் பெட்டியோடு, காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூடி நின்ற ஜனத்துக்கு நடுவே ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"எந்தம்பி நெனச்சிருந்தா என்னைய எறக்கியிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. காதுகுத்தா, கல்யாணமா, சீரா, எழவா, எங்கே நாலு பேர் கூடினாலும் பந்தியில் யாராவது அதை எடுத்துப் பரிமாறுவார்கள். அத்தை ஒருத்தி சாகிறவரைக்கும் அவரை "மேகத்துக்காரன்" என்றுதான் கூப்பிட்டாள். அண்ணன் அதற்குப் பிறகு சண்டை எதுவும் போடவில்லை. பத்திரிகை வைப்பார், வந்து நிற்பார், சாப்பிட்டீங்களா என்று கேட்பார். சண்டை போட்டிருந்தால்கூடச் செங்கோடன் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்த மரியாதைதான் அவரை அறுத்தது. ஏனென்றால் அண்ணன் சொன்னது மெய் என்று அவருக்குத் தெரியும். அப்போது அவருக்கும் ஷேக் பரீத்துக்கும் மட்டும்தான் தெரியும். பலூன் இன்னும் தெரிந்தது.

முப்பத்தைந்து வருடம் போயிற்று. போன மாதம் அண்ணன் மகள் புவனா போன் செய்தாள். அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார், எண்பத்திரண்டு வயதுக்கு ஆபரேஷன் தாங்காது என்கிறார்கள், சித்தப்பாவை வரச்சொல் என்று ரெண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள்.

செங்கோடன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி சென்னியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் கதை முழுசாகத் தெரியும். தூக்கத்தில் இவர் நொடி எண்ணுவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் உட்காரவைத்து வாயைப் பிடுங்கியவள் அவள்.

"ஏனுங்க, இந்தவாட்டியாச்சும் போயிச் சொல்லிப்போட்டு வாங்க. எனக்கே அலுத்துப்போச்சு."

"சொன்னா என்னாகும்?"

"திட்டுவாரு. திட்டட்டும். கெடையில கெடக்கற மனுசன் எத்தன நேரம் திட்டுவாரு?"

மறுநாள் காலை காந்திபுரத்தில் கோபி பஸ் ஏறினார். அவினாசி தாண்டும்வரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். அதற்கப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார். பஸ் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது, கழுத்து ஒவ்வொரு தடவையும் கத்தியது. இந்த வயதில் ஒரு மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று மணி நேரம் குலுங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். அப்பா திருப்பிக்கொண்டதை ஒருதரம் பார்த்தாகிவிட்டது. இன்னொரு தரம் பார்க்க உடம்பில் தெம்பில்லை.

பம்பாய் வேலை முடிந்து தோட்டத்து வீட்டுக்கே திரும்பியிருந்த நாச்சிமுத்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வெளியே வாழைத்தோட்டத்தில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. மீசை வெளுத்து, தோள் வற்றி, அந்தப் பெரிய மனிதர் போர்வைக்குள் எங்கேயோ தொலைந்துபோயிருந்தார். புவனா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

"கழுத்துல என்னடா?" என்றார் அண்ணன்.

"தேஞ்சுபோச்சுங்ணா."

"ம். எனக்கு இடுப்பு."

ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. செங்கோடன் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அன்னிக்குப் பலூன் இன்னும் தெரிஞ்சுதுங்ணா. நாந்தான் முன்னாலயே அமுத்திப்போட்டேன். எப்பவும் போலப் பாத்திருந்தா எண்ணூறு தாண்டியிருக்கும், பிளேன் எறங்கியிருக்கும். உங்களுக்காகக் கூட்டிப் போட்டேன்னு பேரு வந்துருமோன்னு பயந்து கொறச்சுப் போட்டேன். நீங்க அய்யன் மூஞ்சியப் பாக்காமப் போனதுக்கு நாந்தானுங்க காரணம். அய்யன் கடேசியா எம்மேல கோவமாத்தான் போனாரு. அதும் நாயந்தான்."

சொல்லிமுடித்ததும் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தார். அண்ணன்தான் பேசினார்.

"நானு அந்தப் பிளேன்ல ஏறவே இல்லீடா, செங்கோடா."

செங்கோடனுக்குக் கேட்டது. புரியத்தான் நேரம் ஆயிற்று.

"டிக்கெட் கையில இருக்குது. பெட்டியும் கையில இருக்குது. பஸ்ஸுல ஏத்திக் கொண்டுபோயி பிளேன்கிட்ட உட்டாங்க. ஏணியப் பாத்தேன். காலு நவுறல. பின்னால நின்னவங்க எல்லாம் ஏறிப்போட்டாங்க. ஒரு பொம்பள கைக்கொழந்தையோட ஏறுறா, நானு நிக்கறேன். ஒடம்பு செரியில்லைன்னு சொல்லித் திரும்பி வந்துட்டேன். தாதருக்குப் போயி ரயிலு ஏறுனேன்."

"அப்பறம்?"

"ஊடு வந்து சேந்தா, பிளேன் எறங்கல, செங்கோடன் அளந்து சொன்னான், திரும்பிப் போச்சுன்னு அவியளே சொல்றாங்க. ஏணியப் பாத்துப் பயந்துட்டேன், அதனால அய்யன் மூஞ்சியப் பாக்கலைன்னு அத்தன பேரு முன்னால எப்படிடா சொல்லுவேன்? வாய்க்கு வந்துது, உம்மேல போட்டுட்டேன். ஒருநாள் சொல்லிறலாம்னுதான் இருந்தேன். நீயும் தலையக் குனிஞ்சுட்டே நின்னே. செரி, அவனே ஏத்துக்கிட்டான், இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. செங்கோடன்தான் துண்டால் துடைத்துவிட்டார். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் சக்தி வேண்டியிருக்கிறது. ஈரோட்டுப் பஸ்தான் நினைவுக்கு வந்தது. பெங்களூருக்குப் போன விமானத்தில் இருந்தவன் சத்தியமங்கலம் வழியாக வியாழக்கிழமை இருட்டுவதற்குள் வீடு சேர்ந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய ஈரோட்டுப் பஸ்ஸில் ஏன் இறங்கினான்? விமானம் எங்கே போனது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் செங்கோடன் ஒருவர்தான். பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர், நொடிக்கணக்கு பார்த்தவர், கணக்கில் ஒரு முழு நாள் உதைத்ததைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்.

"புவனாகிட்டச் சொல்லிப்போடாதே," என்றார் அண்ணன். "ஊட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். நாம்போனதுக்கப்பறம் சொல்லிக்கோ."

"நீங்க போனப்பறம் சொன்னா யாருங்ணா நம்புவாங்க?"

அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"செரிங்ணா," என்றார் செங்கோடன். "சொல்லல."

பஸ் ஏற்றிவிட வந்த புவனா, ஒரு சீப்பு பூவன்பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள். நல்ல பெண். "ரெண்டு பேரும் இத்தன நேரம் பேசி நானு பாத்ததே இல்லீங் சித்தப்பா," என்றாள். பஸ் வருவதைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சேர்த்துச் சொன்னாள். "அன்னிக்கு நீங்க மட்டும் அந்தப் பிளேனை எறக்கியிருந்தா, அப்பாவுக்கு இத்தன வருசம் அந்தக் கொறை இருந்திருக்காதுங்."

செங்கோடன் வாயைத் திறந்தார். பட்டை மோவாயில் இடித்தது. "ஆமாங் கண்ணு," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மறுநாள் காலை வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஷேக் பரீத்துக்குப் போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பதினைந்து வருடமாகியும் இரண்டு பேரும் வாரம் ஒருமுறையாவது பேசிக்கொள்வார்கள். அந்த விஷயத்தை மட்டும் இருவரும் எடுத்ததில்லை. இன்றைக்குச் செங்கோடன் எடுத்தார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு வீட்டு ஆட்களைப் பற்றியது, ஷேக் பரீத்தைப் பற்றியது இல்லை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ஏணிப்படி, ரயில், ஈரோட்டுப் பஸ் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு இளகியது. எல்லாம் வீண் பாரம்தான் போல, இனிமேலாவது தூங்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"அண்ணன் அதுல இல்லவே இல்லீங்க பரீத். நானு யாரையும் தடுக்கலைங்க."

ஷேக் பரீத் குத்திக்காட்டுகிற ஆளே இல்லை. மனசில் பட்டதைத்தான் கேட்டார்.

"அப்ப, அதுல வந்தவிங்க யாருங்க சார்?"

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய பதிவேட்டில் அவர் கையெழுத்தில் மேகம் இருந்தது, காற்று இருந்தது, வெப்பம் இருந்தது. ஆட்கள் இல்லை. ஏணியில் கைக்குழந்தையோடு ஏறிய அந்தப் பெண் இருந்திருக்கிறாள். இன்னும் எத்தனையோ பேர். இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே ஊர் தெரியாமலே திரும்பிப் போனவர்கள். அதில் எந்த வீட்டில் யார் கட்டிலில் கிடந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. ஏறாத ஒருத்தனிடம் முப்பத்தைந்து வருடமாக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஏறியவர்களைப் பற்றி ஒருநாள்கூட நினைத்ததில்லை.

"தெரியலீங்க," என்றார் கடைசியில். "நானு கேக்கவே இல்லீங்க பரீத்."